பாடியவள் பெயர்

1960ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ஒடெட்டா பாடினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்த கறுப்பினப் பெண். ஓப்பரா இசை பயின்றவர்; கறுப்புப் பெண்ணுக்கு அந்த மேடையில் இடம் கிடைப்பது அரிது என்று தெரிந்தவர்; வீட்டு வேலை செய்து பிழைத்தவர். அன்று அவர் கையில் ஒரு கித்தார். பக்கத்தில் பாஸ் வாசித்தவர் பில் லீ. ஒரு தேவாலயப் பாடகர் குழுவும் சில பாட்டுகளுக்குச் சேர்ந்து பாடியது. அந்த இரவின் பாட்டுகளை வான்கார்ட் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. வேலைப் பாட்டு, ப்ளூஸ், ஸ்பிரிச்சுவல் எல்லாம் கலந்த தட்டு அது. மனிதர்களை நிறுத்தி விற்ற ஏல மேடையைப் பற்றிய பழைய அடிமைப் பாட்டு ஒன்றும் அதில் உண்டு.

ஸ்பிரிச்சுவல் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் கூடிப் பாடிய பக்திப் பாட்டு. பைபிளில் வரும் யோர்தான் ஆற்றைக் கடப்பதைப் பாடினால், பண்ணையைவிட்டுத் தப்பி வடக்கே போவதும் அதற்குள் இருக்கும். ப்ளூஸ் அதற்குப் பின்னால் வந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் தீராத கூலி, கடன், காதல், கைவிடப்படுதல் ஆகியவற்றைத் தனியொருவர் தன் வாயால் சொல்லும் பாட்டு. முதலாவது கூட்டத்தின் குரல், இரண்டாவது 'நான்' என்னும் குரல். இரண்டையும் ஒரே மேடையில் ஒரு பெண் பாடியதைத்தான் அந்தத் தட்டு பிடித்து வைத்திருக்கிறது. மனித உரிமைப் போராட்டத்தில் தனக்கு முக்கியமான பாட்டுகள் எவை என்று ரோசா பார்க்ஸிடம் கேட்டபோது, ஒடெட்டா பாடுகிற எல்லாப் பாட்டும் என்று அவர் சொன்னதாகக் குறிப்பிடுவார்கள்.

ஸ்டுடியோவில் பதிவான தட்டுக்கும் மேடையில் பதிவான தட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மேடைத் தட்டில் பாட்டோடு சேர்ந்து ஓர் இடமும் ஒரு நாளும் ஒரு கூட்டமும் பதிவாகின்றன. யார், எங்கே, எப்போது, யார் முன்னால் பாடினார் என்பது அழியாமல் நிற்கிறது. நான் கவிதை எழுதுகிறவள், தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவள், தேனிக்காரி. இந்த வேறுபாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கம்பம் பள்ளத்தாக்குத்தான் நினைவுக்கு வரும். எங்கள் மண்ணின் மெட்டு உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. அந்த மெட்டைப் பாடிக்கொண்டிருந்த பெண்களின் பெயர் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. இது எப்படி நடந்தது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

எடுத்துக் கொடுக்கிறவள்

1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்து தண்ணீர் கிழக்கே திரும்பிய பிறகு, இந்தப் பள்ளத்தாக்கு நெல் விளையும் பூமியாக உறுதிப்பட்டது. இன்றும் கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் என்பது எங்கள் பகுதி விவசாயிகளுக்கு மனப்பாடமான கணக்கு. இருபோகம் என்றால் ஆண்டுக்கு இரண்டு நடவு. இரண்டு நடவு என்றால் குனிந்த முதுகோடு சேற்றில் நிற்கும் பெண்களுக்கு இரண்டு பருவம். பென்னிகுயிக் பெயரில் எங்கள் ஊர்களில் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டுகிறோம். தண்ணீரைக் கொண்டுவந்தவருக்கு அந்த நன்றி தகும். அந்தத் தண்ணீரில் நின்று நாற்று நட்டவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை.

நடவுப் பாட்டின் அமைப்பு எளிமையானது. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வேகம் குறைந்தால் எடுத்துக் கொடுக்கிறவள் மெட்டை முடுக்குவாள். யாருக்காவது முதுகு வலித்தால் ஒரு கேலி வரியைச் சேர்ப்பாள். வரப்பில் குடை பிடித்து நிற்கிறவருக்குப் புரியாதபடி அவரையே பாட்டில் இழுப்பாள். கடைசி முடி நட்டதும் குலவை. ஸ்பிரிச்சுவலும் அமெரிக்க வேலைப் பாட்டும் இதே அமைப்பில்தான் இயங்கின; ஒரு குரல் அழைக்கும், கூட்டம் பதில் சொல்லும். கடல் தாண்டிய இந்த ஒற்றுமையில் அதிசயம் ஏதுமில்லை. வேலையின் வேகத்தை மேலே நிற்கிறவன் நிர்ணயிக்கும் இடத்தில், அந்த வேகத்தைக் கொஞ்சமாவது தன் கைக்குள் கொண்டுவர உழைக்கிறவர் கண்டுபிடித்த வழி அது.

என் அப்பத்தா ஒரு நடவுக் குழுவில் எடுத்துக் கொடுக்கிறவராக இருந்தவர். முனைவர் பட்டக் காலத்தில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். அவருக்குப் பாட்டு வரவில்லை. "சும்மா குத்தவச்சுக்கிட்டு எப்புட்றி பாட்டு வரும்? நாத்தக் கையில குடு, தானா வரும்" என்றார். நேரடிப் பதிவு என்றால் என்ன என்பதை எனக்கு அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அவருடைய பாட்டுக்குச் சேறு வேண்டும், பக்கத்தில் நாற்றுப் பிடித்த பத்துக் கை வேண்டும், திட்டுவதற்கு வரப்பில் ஓர் ஆள் வேண்டும். இவற்றிலிருந்து பிரித்தெடுத்தால் வார்த்தை மட்டும்தான் மிஞ்சும்.

நாட்டார் பாடல் தொகுப்புகளில் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் அந்த வார்த்தைகள்தாம். சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டார் பாடல்களை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டது 1871இல். பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி சேகரித்த பாட்டுகளைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958இல் வந்தது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இல். இந்த உழைப்பு இல்லையென்றால் நம்மிடம் இதுவும் இருந்திருக்காது. ஆனாலும் இந்த மரபில் வளர்ந்த நம் கல்விப்புலத்தின் ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தச் சொல் 'தகவலாளி'. ஆய்வேட்டின் முகப்பில் சேகரித்தவர் பெயர் இருக்கும். பாட்டைப் பாடிய பெண் பின்னிணைப்பில் வயது, சாதி, தொழில் என்னும் கட்டங்களுக்குள் தகவலாளியாக நிற்பாள். ஒடெட்டாவை யாராவது தகவலாளி என்று எழுதுவார்களா?

பாட மறுத்தவர்கள்

பெண்கள் பாடினார்கள், நாம் பதிவு செய்யத் தவறினோம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி வரலாறு விடுபட்டுவிடும். பாட மறுத்த பெண்களும் வரலாற்றில் உண்டு.

கோவரின் புத்தகம் வந்த அதே 1871இல், அக்டோபர் 6ஆம் தேதி, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலிருந்து ஒரு மாணவர் பாடகர் குழு புறப்பட்டது. விடுதலை பெற்ற அடிமைகளுக்காகத் தொடங்கப்பட்ட பிஸ்க் கல்வி நிறுவனம் பணமின்றி மூடும் நிலையில் இருந்தது. அதைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள்தாம் பிஸ்க் ஜுபிலி பாடகர்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பியானோ வாசித்து, பயிற்சியும் கொடுத்து, அந்தக் குழுவைத் தாங்கியவர் எல்லா ஷெப்பர்ட் என்னும் இளம்பெண். ஸ்பிரிச்சுவல்களை மேடையில் பாட முதலில் யாருக்கும் மனம் வரவில்லை என்று அவரே பின்னாளில் எழுதினார். அவை அடிமைக் காலத்தின் இருளை நினைவூட்டின. பெற்றோர் தங்களுக்குள் பாடிய புனிதமான பாட்டுகளை வெள்ளையர் முன்னால் டிக்கெட்டுக்குப் பாடுவதா என்ற தயக்கமும் இருந்தது. பிறகு அவர்களே முடிவெடுத்து, தங்கள் விதிப்படி அவற்றைப் பாடினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜுபிலி ஹால் இன்றும் நாஷ்வில்லில் நிற்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒப்பாரி நினைவுக்கு வரும். எங்கள் பகுதியில் ஒப்பாரி எல்லாச் சாதிப் பெண்களுக்கும் உரியது. பிறந்த வீட்டின் பெருமை, புகுந்த வீட்டின் கொடுமை, சீர் செய்யாத அண்ணன், சொத்தில் பங்கு கிடைக்காத ஆத்திரம் எல்லாவற்றையும் இறந்தவரைச் சாக்கிட்டுச் சொல்லிவிடலாம். அன்றைக்கு ஒருநாள் யாரும் அவளை வாயை மூடு என்று சொல்ல முடியாது. தமிழ் ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலுக்கு, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். ஒவ்வொருத்தியும் தன் துயரத்தையே அழுகிறாள். ப்ளூஸின் 'நான்' நம்மிடம் இழவு வீட்டில்தான் ஒலித்தது.

அதே ஒப்பாரிக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆதிக்கச் சாதி வீட்டு இழவுக்குத் தலித் பெண்கள் வந்து மாரடித்து அழ வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டாயமாக இருந்தது. பறையடிக்க மாட்டோம், இழவு சொல்லப் போக மாட்டோம் என்று ஆண்கள் எழுந்தது தலித் எழுச்சியின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. உங்கள் வீட்டுச் சாவுக்கு அழ மாட்டோம் என்று பெண்கள் நிறுத்திக்கொண்டது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 'பழைய பாட்டெல்லாம் அழிந்து போகிறதே' என்று நாம் வருத்தப்படும்போது, அந்த அழிவில் ஒரு பகுதி ஒருத்தி தன் கண்ணீரை வாடகைக்கு விட மறுத்ததால் நேர்ந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எல்லா ஷெப்பர்டைப் போல, எதை, யார் முன்னால், எந்த விலைக்குப் பாடுவது என்று முடிவெடுக்கும் உரிமை பாடுகிறவளுக்கே உரியது.

பெண் குரலில் ஒரு சிறுவன்

பள்ளத்தாக்கின் பாட்டு மேடையேறிய கதைக்கு வருகிறேன். உத்தமபாளையம் வட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். அங்கே பிறந்த பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடினார். நாட்டுப்புற மெட்டிலும், மக்களுக்குப் பழகிய சினிமா மெட்டிலும் அரசியல் வரிகளை ஏற்றுவது அவருடைய வழி. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது. மாநில மறுசீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போய்விட்டன. ஆனால் அங்கே தேயிலை பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ், கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் முதலில் உறுப்பினர் உறுதிமொழி எடுத்தவர். அவருக்காகப் பாவலர் மலையேறிப் போய்ப் பாடினார். ரோசம்மா வென்றார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் பாவலரின் தம்பி ராசையா, பதினான்கு வயதில், குழுவில் சேர்ந்தார். பின்னாளில் இளையராஜா. குரல் உடையும்வரை குழுவில் பெண் குரலில் பாடியவர் அவர்தான். பெண் குரலுக்கான இடங்களில் ஒரு சிறுவன் பாடினான். குரல் உடைந்ததும் அவர் ஆர்மோனியத்துக்கு நகர்ந்தார்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வரலாற்றுச் சூழலாகச் சொல்கிறேன். பெண் வேட்பாளருக்காக, பெண் தொழிலாளர்கள் நிறைந்த மலையில், பெண்கள் பாடிய மெட்டுகள் ஒலித்த காலத்தில் மேடையில் பெண் இல்லை. பொதுமேடையில் பாடும் பெண் என்றால் அன்றைக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அந்தப் பழியைத் தாங்கிக்கொண்டு மேடையேறியவர்களும் இருந்தார்கள். மதுரையின் கே.பி. ஜானகியம்மாள் நாடகக் கம்பெனியில் நடித்துப் பாடி, அதே மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடிச் சிறைக்குப் போனவர். பின்னர் கம்யூனிஸ்ட் தலைவர். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அவரைப் போலத் துணிய நாடகக் கம்பெனி என்னும் பின்புலமாவது வேண்டியிருந்தது. நாற்று நடும் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை.

அந்தச் சகோதரர்களின் தாய் சின்னத்தாயம்மாள். தாயின் பாட்டைக் கேட்டு வளர்ந்ததை இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் சென்னைக்குப் புறப்பட்டபோது வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுப் பணத்தைக் கொடுத்தனுப்பினார் என்பதும் தமிழகம் அறிந்த கதை. எல்லோரும் இதைத் தாயின் தியாகமாகச் சொல்கிறோம். எனக்கு அந்த ரேடியோதான் கண்ணில் நிற்கிறது. அந்த வீட்டில் பாட்டுக் கேட்க இருந்த கருவி அது. அது போன பிறகு அவர் எதைக் கேட்டார்?

1976இல் 'அன்னக்கிளி' வந்தது. பஞ்சு அருணாசலத்தின் வரிகளில், எஸ். ஜானகியின் குரலில், எங்கள் வயல்காட்டுச் சாயல் தமிழ்நாட்டின் ஒவ்வொரு டீக்கடையிலும் ஒலித்தது. ஜானகி ஆந்திரத்தின் குண்டூர்ப் பக்கத்தில் பிறந்தவர். எங்கள் பெண்களின் குழைவையும் கேலியையும் அவர் அள்ளிக்கொண்ட விதம் இன்றும் எனக்கு வியப்புத்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தப் பாட்டுகளைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள். அதிகாலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறும் ஜீப்புகளில் இன்றைக்கும் ராஜா பாட்டுத்தான் ஓடுகிறது. ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் கூடவே முணுமுணுக்கிறார்கள். வயலிலிருந்து எழுந்த சாயல் மெருகேறித் திரும்பி வந்திருக்கிறது. வரும் வழியில் எடுத்துக் கொடுக்கிறவளின் இடம் காணாமல் போயிருக்கிறது. இப்போது ஸ்பீக்கர் எடுத்துக் கொடுக்கிறது, பெண்கள் வாங்கிப் பாடுகிறார்கள்.

புகையிலை ஆலை வாசலில்

இப்படிப் பெயர் உதிர்வது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 'நாம் வெல்வோம்' என்று தமிழில் பாடப்படும் பாட்டை நம் மகளிர் கூட்டங்களில் கை கோத்துப் பாடாதவர் குறைவு. ஆங்கிலத்தில் 'வீ ஷல் ஓவர்கம்'. அது தேவாலயப் பாட்டிலிருந்து போராட்டப் பாட்டாக மாறிய இடங்களில் முக்கியமானது தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன். 1945–46இல் அங்கே ஒரு சுருட்டு ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்களில் கறுப்பினப் பெண்கள் ஏராளம். மறியல் நாள் முடிந்து கலையும்போது லூசில் சிம்மன்ஸ் என்னும் தொழிலாளி அந்தப் பழைய பக்திப் பாட்டை மெதுவாக இழுத்துப் பாடுவாராம். 'நான்' என்றிருந்ததை 'நாம்' என்று பாடினார் என்கிறார்கள். அதைக் கற்றுக்கொண்டு பரப்பியவர் ஹைலேண்டர் தொழிலாளர் பள்ளியின் இசைப் பொறுப்பாளர் சில்பியா ஹார்ட்டன். அவரிடமிருந்து அது பீட் சீகரிடம் போனது.

சீகர் 1963 ஜூன் 8ஆம் தேதி கார்னகி அரங்கில் நடத்திய கச்சேரியின் நேரடி இசைத்தட்டு அந்தப் பாட்டின் பெயரையே தாங்கி வந்தது. உலகம் அந்தப் பாட்டை அறிந்ததில் அந்தத் தட்டுக்கும் பங்கு உண்டு. 1960களில் பதிவான காப்புரிமையில் நான்கு பெயர்கள் இருந்தன: சில்பியா ஹார்ட்டன், பிராங்க் ஹாமில்டன், கை காரவான், பீட் சீகர். நால்வரும் வெள்ளையர். லூசில் சிம்மன்ஸின் பெயர் அங்கே இல்லை. வருமானத்தை அவர்கள் கறுப்பின மக்களின் பண்பாட்டுப் பணிகளுக்கே ஒதுக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் ஒரு வழக்கின் சமரசத்தில் பாட்டு பொதுவுடைமை ஆனது. நல்லெண்ணம் உள்ளவர்களின் கையிலும் பெயர் உதிரும் என்பதற்கு இது சாட்சி.

கல்லறைக் கல்லும் இசைத்தட்டும்

அமெரிக்காவில் ப்ளூஸ் இசைத்தட்டு வணிகத்தைத் தொடங்கி வைத்தது ஒரு பெண் குரல். 1920 ஆகஸ்ட் 10ஆம் தேதி மேமி ஸ்மித் பதிவு செய்த 'க்ரேசி ப்ளூஸ்' விற்ற விற்பனையைப் பார்த்த பிறகே, கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகள் விழித்துக்கொண்டன. அடுத்து மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித். அடிக்கும் கணவன், ஓடிப்போன காதலன், பெண் மீது பெண்ணுக்கு வரும் ஆசை, வெள்ளம், வறுமை, சிறை எல்லாவற்றையும் அவர்கள் பாடினார்கள். ஏஞ்சலா டேவிஸ் 1998இல் எழுதிய நூல், மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித், பில்லி ஹாலிடே மூவரின் பாட்டுகளிலும் உழைக்கும் கறுப்பினப் பெண்களின் பெண்ணியம் இருப்பதை எடுத்துக் காட்டியது. கட்டுரை எழுத நேரமும் மேசையும் இல்லாதவர்கள் தங்கள் சிந்தனையைப் பாட்டில் வைத்தார்கள் என்பதே அதன் சாரம். நம் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் சிந்தனையாக வாசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்த நூல்களில் அது முதன்மையானது.

இசைத்தட்டில் பெயர் இருந்தால் மட்டும் நியாயம் கிடைத்துவிடாது. பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியா கம்பெனிக்குச் சுமார் 160 பாட்டுகள் பாடினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. விற்பனையில் பங்கு கிடையாது. 1937இல் கார் விபத்தில் இறந்தார். அவருடைய கல்லறை 33 ஆண்டுகள் பெயர்க்கல் இல்லாமலே கிடந்தது. 1970இல் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் ஜுவானிட்டா கிரீனும் பணம் போட்டுக் கல் நட்டார்கள். ஜுவானிட்டா, சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் தரை துடைத்தவர்.

கல் நட்டதைப் போல, தட்டு வெளியிட்டவரும் உண்டு. ரோசெட்டா ரைட்ஸ் என்னும் பெண்ணியவாதி 1979இல் நண்பர்களிடம் 10,000 டாலர் கடன் வாங்கி ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். மறக்கப்பட்ட ப்ளூஸ் பெண்களின் பதிவுகளைத் தேடித் தேடி வெளியிட்டார். 1987இல் அவர் வெளியிட்ட தட்டு ஒன்றில் இருப்பவை மிசிசிப்பியின் பார்ச்மன் சிறையில், 1930களின் பிற்பகுதியில், பெண் கைதிகள் வாத்தியம் இல்லாமல் பாடிய பாட்டுகள். தையல் அறையில் பதிவானவை அவற்றில் உண்டு. மேட்டி மே தாமஸ் என்று ஒரு கைதியின் பெயர் அதனால்தான் இன்று எனக்குத் தெரிகிறது. தேனியில் உட்கார்ந்திருக்கும் என்னால், எண்பது ஆண்டுகளுக்கு முன் மிசிசிப்பியில் சிறைப்பட்ட ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. பண்ணைப்புரத்து வயலில் எடுத்துக் கொடுத்த ஒருத்தியின் பெயர் என் மாணவிகளில் யாருக்கும் தெரியாது.

பள்ளத்தாக்குக்கு ஒரு தட்டு

நம்மிடம் தொடக்கங்களே இல்லை என்றும் சொல்ல முடியாது. கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடினார். 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் தன் குரலிலேயே பாடி நடித்தார். 2025இல் 99 வயதில் மறைந்தபோது அவரைப் பெயர் சொல்லி அழத் தமிழ்நாட்டுக்குத் தெரிந்திருந்தது. மதுரையின் பரவை முனியம்மாவுக்கும் அந்தப் பெயர் கிடைத்தது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்ததைத் தானே மேடையில் பாடினார். பக்கத்துத் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை இழவிலிருந்து பிரித்து, தங்கள் தோளில் மாட்டி, பெருமையோடு அடிக்கிறார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, கர்நாடக ராகக் கீர்த்தனைகளுக்கு மாற்றாக, ஒடுக்கப்பட்ட மக்களின் மெட்டிலேயே வழிபாட்டுப் பாட்டு அமைத்தார். ஸ்பிரிச்சுவலுக்கு நெருங்கிய தமிழ் உறவு எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். 1971இல் மகலியா ஜாக்சன் இந்தியா வந்து சென்னையிலும் பாடினார். டிக்கெட் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது என்பார்கள். அவர் பாடிய பாட்டுகளுக்குச் சொந்தக்காரர்களை ஒத்தவர்கள் அன்று மாலை நம் வயல்களிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்குப் பதிவுக் கருவி ஒரு தடையே இல்லை. ஒவ்வொரு கையிலும் செல்போன் இருக்கிறது. இழவு வீட்டில் ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு அழும்போதே யாரோ படம் பிடித்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். லட்சம் பேர் பார்க்கிறார்கள். கீழே அவள் பெயர் இருக்காது. 'கிராமத்துப் பாட்டியின் கண்ணீர் ஒப்பாரி' என்று இருக்கும். அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெயர் இல்லாமல் போவது ஒரு காலத்தில் கவனக் குறைவு. இன்று அது தொழில்.

இங்கே சட்டம் நம் பக்கம் இருப்பதை நம் பெண்கள் அறிய வேண்டும். நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை, ஆகவே யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பாட்டு பொதுவாக இருக்கலாம், குரல் பொதுவன்று. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில், 1994 திருத்தத்துக்குப் பின், நிகழ்த்துநர் உரிமை தெளிவாக இருக்கிறது. பாடகர், நடிகர் தொடங்கிப் பாம்பாட்டி வரை அந்தச் சட்டம் நிகழ்த்துநர் என்று ஏற்கிறது. அந்த உரிமை 50 ஆண்டுகளுக்குச் செல்லும். 2012 திருத்தம், தன் நிகழ்த்துதலுக்குத் தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் உரிமையையும் சேர்த்தது. வரப்பில் நின்று பாடும் பெண்ணைச் சட்டப் புத்தகம் பாடகர் என்கிறது. கல்விப்புலம்தான் இன்னும் தகவலாளி என்கிறது.

என் வகுப்பில் நாட்டார் வழக்காற்றியல் தாள் எடுக்கும் மாணவிகளுக்கு இப்போது நான்கு விதிகள் சொல்கிறேன். பாடியவரின் பெயர் முதல் பக்கத்தில், உங்கள் பெயருக்கு மேலே வர வேண்டும். பாட்டு எந்த வேலையின்போது, எந்த ஊரில், எந்த நாளில் பாடப்பட்டது என்று எழுத வேண்டும். பதிவை வெளியே போடலாமா என்று அவரிடம் கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அவருடைய பாட்டை வைத்து எங்காவது பணம் வந்தால் அது யாருக்கு என்று முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். சென்ற பருவத்தில் ஒரு மாணவி தன் அம்மாச்சியின் பெயரைக் கொட்டை எழுத்தில் முகப்பில் எழுதிக் கொண்டுவந்தாள். ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் வெளியே அம்மாச்சி பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் முறை என்றாள்.

நடவு இயந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கையால் நடும் குழுக்கள் குறைகின்றன. எடுத்துக் கொடுத்த தலைமுறை எண்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறக்கும்போது, ஏதோ ஒரு வரப்பில் நாலு பெண்கள் இன்னும் பாடுவார்கள். அவர்களுக்குச் சம்மதம் என்றால் செல்போனை எடுங்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால், அவர்கள் வாயாலேயே பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நம் பள்ளத்தாக்கின் முதல் நேரடி இசைத்தட்டு அந்தப் பெயரில் தொடங்கட்டும்.